நாலாவது குரல்

அந்த ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் தினமும் மாலை ஏழு மணிக்குக் கீபோர்டு வாசிப்பவருக்கு வயது ஐம்பத்து நான்கு. காபி குடிக்க வருகிறவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்று மேலாளரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மனிதர் அதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். இருந்த கோபம் முழுவதையும் ஒன்பது வருடமாக மனைவியின் அண்ணன் மேல் செலவழித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். அவருடைய கீபோர்டு பழைய வகை சிந்தசைசர். உள்ளே ஆறு குரல்கள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு குரல் பாடும். அடுத்த கட்டைக்கு அடுத்த குரல். ஆறாவது முடிந்தால் மறுபடி முதல் குரல், முறை வைத்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் மாதிரி. ரேடியோ, டி.வி., ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கும் மச்சான்தான் ஒன்பது வருடத்துக்கு முன் அதைப் பிரித்துச் சுத்தம் செய்தார். இவர் கடையிலேயே வாசித்துப் பார்த்துவிட்டு, "மச்சான், நாலாவது குரல் சுருதி இறங்கி நிக்குது" என்றார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. காதைத்தான் யாருகிட்டயாவது காட்டணும்."

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். சிரித்தும் தொலைத்தார்கள். காதை வைத்துப் பிழைக்கிறவன் வேறு என்ன செய்வான்? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அடுத்த வாரம் ஒரு கட்டை ஒடிந்தபோதும் மனைவிதான் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனாள். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போவதும் மெல்ல நின்றுபோனது. "நீ போறதுன்னா போ, யாரு தடுத்தா?" என்று அவர் சொல்வார்தான். அவர் அதைச் சொல்கிற விதத்தைக் கேட்டால் யாருக்கும் செருப்பை மாட்டத் தோன்றாது.

பெட்டியை வேறு யாரிடமும் கொண்டுபோகவும் ரோஷம் விடவில்லை. அதற்குப் பதில் எண்ணத் தொடங்கினார். இயந்திரத்தைப் போட்டதும் நாலாவது தட்டல், பிறகு ஒவ்வொரு ஆறாவது தட்டல். அந்த இடம் வரும்போது விரலைச் சுட்டுக்கொண்டவர் போல் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார். ஓட்டல்காரர்கள் அதை அவருடைய பாணி என்று நினைத்தார்கள். மாடிப்படி ஏறும்போதுகூட ஆறாவது படியை மெதுவாக மிதித்தார்.

இப்போது மச்சான் கடையை மூடிவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகனோடு நிரந்தரமாகத் தங்கப் போகிறார். வியாழக்கிழமை விமானம்.

"போறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள் மனைவி.

"காது நல்லா இருக்குன்னு அவர் வாயால சொல்லட்டும், வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாதகத்துக்கு உட்கார்ந்தபோது அவள் ஒரு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தக் குரல் ஒலிக்கிறது என்று காட்டும் ஆறு விளக்குகள் அந்தப் பெட்டியில் உண்டு.

"கண்ணை மூடிக்கிட்டு வாசிங்க. நாலாவது வரும்போதெல்லாம் சொல்லுங்க. நான் லைட்டைப் பாத்துக்கறேன்."

அவருக்குப் பெருமைதான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக வாசித்தார். "இது" என்றார். ஆறு தட்டல் கழித்து மறுபடி "இது." சுருதி இறங்குவது பல்லில் கல் கடிபட்டது போல் அத்தனை தெளிவாகக் கேட்டது.

"பதினஞ்சு தடவை சொன்னீங்க" என்றாள் அவள். "அதுல நாலாவது லைட் எரிஞ்சது ரெண்டே தடவைதான்."

"அதெப்படி? வரிசையாத்தானே வரும்?"

"ரேண்டம்ல போட்டு வச்சிருக்கேன். எந்தக் குரல் எப்ப வரும்னு பெட்டிக்கே தெரியாதாம். எந்த பட்டன்னு அண்ணன்தான் போன்ல சொல்லிக் குடுத்துச்சு."

அவர் கண்ணைத் திறந்துகொண்டு நாற்பது தட்டல் தட்டினார். நாலாவது விளக்கு எரிந்தபோதெல்லாம் காதைக் கூர்மையாக்கினார். மற்ற ஐந்தும் எப்படியோ அப்படித்தான் அதுவும் இருந்தது. ஆறாவது தட்டலில் சுருதி இறங்கும் என்று மனது முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறது. காது கூடவே தலையாட்டியிருக்கிறது. அவருக்குப் பொறுக்க முடியாத வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

மச்சான் வீட்டில் கூடம் முழுக்கப் பயணப் பெட்டிகள். இவர் உட்காரக்கூட இல்லை.

"மச்சான், தப்பு என் மேலதான். காதுதான் சரியில்ல."

மச்சான் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"இல்ல மாப்பிள்ளை. அன்னைக்கு நாலாவது இறங்கித்தான் இருந்துச்சு. கடையில ஆளுங்க முன்னாடி சொல்ல வாய் வரல. அடுத்த வாரம் கட்டை ஒடிஞ்சுபோச்சுன்னு தங்கச்சி எடுத்துட்டு வந்தாளே, அப்ப சத்தம் போடாம நாலாவதையும் சரி பண்ணிட்டேன்."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா உங்க காது நல்ல காதுன்னு ஆயிடுமே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மச்சான் சிரித்தார். பிறகு இவரும் சிரித்தார். தோளில் தட்டிக்கொண்டார்கள். பெரிய மனதுக்காரர்கள் ஆகிவிட்டதாக இருவருக்குமே நினைப்பு.

அவள் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"விடியக்காலை நாலு மணிக்கு."

"அது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் தரையில் உட்கார்ந்து அண்ணனின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடிக்கத் தொடங்கியிருந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.