எழுதாத வசனம்

கோடையில் என் மனைவி இறந்தாள். ஐப்பசி மழை பிடித்து ஆறு கலங்கி ஓடத் தொடங்கிய பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்தை அடக்கிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் நம் கன்னம்தான், ஆனால் வேறு யாருடையதோ போல இருக்கும். அப்படி இருந்தேன். பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போய் டைப் அடித்தேன். திரும்பி வந்து சோறு வடித்தேன். ரசத்தில் உப்புப் போட மறந்ததுகூட, மிச்சத்தை மறுநாள் சுட வைக்கும்போதுதான் தெரிந்தது.

வண்ணார்பேட்டையில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு இது பெரிய கவலை. "அழுதிரும் வே. உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா நெஞ்சைப் பிடிச்சிரும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். என்னவோ நான் அழுகையைப் பீரோவில் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருப்பது மாதிரி. ஆனாலும் நல்ல மனுஷன். சாயங்காலம் கடையை மகனிடம் விட்டுவிட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது சுற்றுவார். பிறகு என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் புதுக் குறுநாடகங்கள் போடுவார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் இப்போது எழுதுகிறவை. எழுதுகிறவர்கள் பாங்கில், மருந்துக்கடையில், ஸ்கூலில் வேலை பார்ப்பவர்கள். ஒவ்வொன்றும் ஒரு காப்பி ஆறுகிற நேரம்தான். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, பார்த்தவர்கள் பேச வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதுதான் அங்கே சட்டம்.

நானும் மனைவியும் ஒரு மாதம்கூட விடாமல் போய்க்கொண்டிருந்தோம். நொட்டை சொல்வதில் நான் மன்னன். ஆனால் நாடகம் நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நல்ல இடம் வந்தால் என் இடது முழங்கைக்கு மேலே கிள்ளுவாள். வலிக்கிற மாதிரியேதான் கிள்ளுவாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, அன்றைக்கு எத்தனை நல்ல இடம் இருந்தது என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். விளக்குப் போட்ட பிறகு எழுந்து நின்று பெரிய ரசிகனாகப் பேசுவது மட்டும் நான்.

அந்த ஹாலுக்கு ஐப்பசியில் நண்பர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நாடகம் பார்த்தாலாவது எனக்கு அழுகை வரும் என்பது அவர் கணக்கு. என் இடது பக்கத்து நாற்காலியில் அவர் உட்காரவில்லை. தெரிந்தோ தெரியாமலோ வலது பக்கம் உட்கார்ந்தார்.

முதல் நாடகம் ரேஷன் கடை. வயலில் வேலை செய்து விரல் தேய்ந்துபோன ஒருத்தியின் கைரேகையை மெஷின் எடுக்க மாட்டேன் என்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எண்ணெய் தடவு, சேலையில் துடை, ஊது. கடைசியில் அவள் அந்த விரலாலேயே எல்லோரையும் சுட்டி, "நான் யாருன்னு இவுகளுக்குத் தெரியும்லா, கேளுங்க" என்கிறாள். அத்தனை பேரும் செல்போனைக் குனிந்து பார்க்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம். எங்கே முடிக்க வேண்டுமோ அங்கே முடித்திருந்தார்கள்.

இரண்டாவது, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற இரண்டு சகலைகள். பேச்சுவார்த்தை இல்லை. அதனால் முருகனிடம்தான் பேசுவார்கள். "முருகா, பக்கத்துல நடக்கவன்கிட்ட தண்ணி இருக்கு. தாகத்துல ஒருத்தன் சாகுதான்னு சொல்லு." "முருகா, ரெண்டு வருஷமா எங்க போச்சு இந்தத் தாகம்னு கேட்டுச் சொல்லு." ஹால் குலுங்கிச் சிரித்தது. நண்பர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். நல்ல நாடகம் என்று எனக்கும் தெரிந்தது. கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து நல்ல நூல் என்று சொல்வதுபோலத் தெரிந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குக்கூட வருத்தமாக இல்லை.

மூன்றாவது, துஷ்டி வீடு. பாங்கில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் எழுதியது. மனைவியைப் பறிகொடுத்தவன் உட்கார்ந்திருக்கிறான். துஷ்டி கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே போகிறார்கள். எங்கள் பக்கம் அதுதான் முறை. துஷ்டி வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. திரும்ப வருவது என்றால் இன்னொரு சாவுக்கு வருவது என்று அர்த்தமாகிவிடும். சத்தம் இல்லாமல் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பி, "அப்ப சரி, போயிட்டு வாரேன்" என்றாள்.

ஹாலில் "ச்சோ" என்று ஒரு சத்தம். மேடையில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"எப்ப?" என்று கேட்டான்.

விளக்கு அணைந்தது. நான் என் இடது கையை லேசாகத் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கிள்ளவில்லை. ஆபரேஷனுக்காக அவளைத் தள்ளிக்கொண்டு போன அன்று, ஆபரேஷன் ரூம் கதவு பக்கத்தில் வந்ததும் வண்டியிலிருந்து தலையைத் திருப்பி, மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி, "போயிட்டு வாரேன், என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் சரி என்று தலையாட்டினேன். வீட்டில் தினமும் ஆட்டுகிற அதே ஆட்டல்.

விளக்குப் போட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எகிறினார். "துஷ்டி வீட்டுல வாரேன்னு எவளாவது சொல்லுவாளா? எந்த ஊர்ல நடக்கு இது?"

எழுதிய பெண் சட்டத்தை மீறிக் கையைத் தூக்கினாள். "நான் அப்படி எழுதலைங்க. பேசாமத்தான் போகணும். அவன் கடைசி வரைக்கும் தலையத் தூக்கவே மாட்டான்."

அதற்குள் நடித்தவள் திரைக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "வாய் தவறிட்டு. வாசப்படியத் தாண்டப் போறோம்னதும் தன்னால வந்துட்டு. துஷ்டி வீடுங்கதே மறந்துபோச்சு." மனைவியை இழந்தவனாக நடித்தவன், "நானும் யோசிக்கல. அவ வாரேன்னா, எப்பன்னு கேட்டுட்டேன்" என்றான்.

பாதிப் பேர் அபசகுனம் என்றார்கள். மேடைதானே, என்ன போச்சு என்றார்கள் மீதிப் பேர். அந்தச் சின்னப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்குரிய ஒரே கேள்வியைக் கேட்டாள். "அடுத்த மாசம் தென்காசியில போடுதோம். அந்த ரெண்டு வரியும் இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதிய?"

பழக்கதோஷம், எழுந்து நின்றுவிட்டேன். மேடை அமைப்பு, இடைவெளி, மௌனம் என்று நான் அளக்கிற சங்கதிகள் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"எடுத்துராதீங்க" என்றேன். இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். நண்பர் என் முழங்காலில் கையை வைத்தார். அந்தக் கையின் சூடு எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது தூறல். நண்பர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். வாசலில் என்னை இறக்கிவிட்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். இத்தனை மாதமும் அவர் ஏன் அப்படிப் போனார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஓய், சொல்லிட்டுப் போம்" என்றேன்.

வண்டியை அணைத்தார். "வருஷம் திரும்பலியே வே. துஷ்டி வீடுல்லா."

"பரவால்ல. சொல்லும்."

தெருவில் யாராவது வருகிறார்களா என்று அப்படியும் இப்படியும் பார்த்துக்கொண்டார். பிறகு, பைய, "போயிட்டு வாரேன்" என்றார்.

எப்ப என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஆஸ்பத்திரிக் கதவு பக்கத்தில் கேட்டிருக்க வேண்டியது. சொல் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.