மணல்மேட்டில் ஏறிய கால்கள்

மனைவி இறந்தபின் வந்த இரண்டாவது பனிக்காலம் அது. ஒரே மகள் கனடாவின் மேற்கே, கல்கரியில் வேலை பார்த்தாள். நான் கிழக்கே, மிசிசாகாவில் கல் வெட்டும் பட்டறை ஒன்றில் இருந்தேன். இயந்திரச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டு நின்றால் நாள் முழுவதும் ஒருவரோடும் பேசத் தேவையில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் அமெரிக்கப் பாலைவனத்திலிருந்து மணற்கல் பலகைகள் வந்தன, யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்கு. ஓரத்தைப் பார்த்தால் மெல்லிய அடுக்குகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை. ஒரு பலகையைக் கழுவும்போது அதில் சின்னக் குழிகள் இரண்டு வரிசையாகப் போவதைக் கண்டேன். ஒவ்வொரு குழியிலும் விரல் பதிந்த அடையாளம்.

பட்டறை முதலாளி என்னைப்போல யாழ்ப்பாணத்துப் பக்கம், பருத்தித்துறைக்காரர். எட்டிப் பார்த்தார்.

"உது பழுது. வீட்டுக்காரன் எடுக்கமாட்டான். எறிஞ்சுபோட்டு வேறை எடும்."

"இல்லை அண்ணை, உது கால் அடையாளம். ரெண்டு நாள் பொறுங்கோ."

"கல்லிலை ஆர் நடக்கிறது?" என்று சிரித்தார். ஆனாலும் பொறுத்தார்.

பலகையைப் படம் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் அங்கே கற்களை ஆராயும் பெண் அழைத்தாள். சத்தத்துக்கு அப்பால், முற்றத்துப் பனியில் நின்று கேட்டேன். டைனோசர்களுக்கும் முந்திய காலம், அந்த இடம் முழுவதும் மணல்மேடுகள் என்றாள். காற்று மணலை ஒரு பக்கத்தால் ஏற்றும். அது மறுபக்கம் சரியும். ஒவ்வொரு சரிவும் ஓர் அடுக்கு. பல்லி மாதிரி ஒரு விலங்கு அந்தச் சரிவில் ஏறியிருக்கிறது. தடம் அழியுமுன் புது மணல் வந்து மூடிவிட்டது.

"தனியாகவா போனது?" என்று கேட்டேன்.

"இந்தப் பலகையில் ஒன்றுதான். பக்கத்தில் வேறு என்ன நடந்ததென்று தெரியாது."

அவள் போனை வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. காற்று எந்தத் திசை, மழை பெய்ததா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். அந்தக் கிழமை முழுவதும் நான் அவ்வளவு நேரம் பேசியது அவளோடு மட்டும்தான்.

வீட்டுக்காரர் வேறு பலகைக்குச் சம்மதித்தார். குழி விழுந்த பலகையை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போக அவள் வான் வண்டி ஒன்று கொண்டுவந்தாள். ஏற்றியபின், கண்டெடுத்தவர் பெயர் என்று படிவத்தை நீட்டினாள். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பிழையில்லாமல் திருப்பி வாசித்தாள்.

அன்று பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"என்னப்பா, சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை பிள்ளை. ஒரு கதை சொல்லவேணும்."

"மீட்டிங் ஒண்டு இருக்கப்பா. பிறகு எடுக்கட்டே?"

"ஓம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் எடுத்தாள். கதையை முதலிலிருந்து சொன்னேன்.