சித்திக்கு நான் எண்ணிய படிகள்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. ஜப்பான்காரன் வந்து ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு போயிருந்த நேரத்தில் எனக்கு மட்டும் வேலை! கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. மேட்டின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி, அடியில் சின்ன மருந்தகம், இரண்டுக்கும் நடுவே அறுபது சிமெண்டுப் படிகள். மாதத்தில் ஒரு நாள் காலையில் என் சித்தி அந்தப் படிகளில் ஏறுவாள். நானும் கூடவே ஏறி, அவள் முதன்முதலாக மூச்சு வாங்க நிற்பது எத்தனையாவது படி என்று எண்ணி, இறங்கி வந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது, தலைக்கனம் மட்டும் ஏகத்துக்கு இருந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சிறுபிள்ளையில் அவளுக்குக் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிப் படுத்திருந்தாளாம். வீக்கம் வற்றியது, காய்ச்சலும் போனது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். போகிற போக்கில் அது நெஞ்சில் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது என்பதை எங்கள் மருந்தக டாக்டர்தான் குழாய் வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், எப்போதும் கசங்கிய கோட்டு, காதில் பென்சில்.

"நெஞ்சுக்குள்ள நாலு அறை இருக்கு. இவவுக்கு ஒரு அறையின்ர கதவு முழுசாத் திறக்குதில்லை" என்று அம்மாவிடம் சொன்னார். மழைக்காலத்தில் எங்கள் குளியலறைக் கதவு ஊறிப்போய் அரைகுறையாகத் திறக்குமே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். ஓங்கி ஓர் உதை விட்டால் திறந்துகொள்ளுமே, இதற்கு எதற்கு இத்தனை கவலை என்றும் நினைத்தேன்.

சித்தியைப் போலவே நெஞ்சுக் கதவு கெட்டவர்கள் இன்னும் சிலர் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். சண்டை வருவதற்கு முன்பிருந்தே அவர்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிவந்தார். யாருக்கு எந்த வயதில் காய்ச்சல், நெஞ்சில் என்ன சத்தம், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பொடிப்பொடி எழுத்தில் இருக்கும். எக்ஸ்ரே எடுக்கப் படச்சுருள் கிடைக்காமல் போனபோதுதான் இந்தப் படி ஏறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அவர் வந்து நின்று பார்க்கமாட்டார். "நான் நிண்டு பாத்தா எல்லாருக்கும் வீம்பு வந்திடும், மூச்சடக்கி ஏறுவினம். வீட்டுப் பிள்ளையள் எண்ணட்டும். பிள்ளையள் பொய் சொல்லாதுகள்" என்பார். பாவம், அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

மருந்து என்று கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. மதியம் படுத்திரு, உப்பைக் குறை என்று இரண்டே கட்டளைகள். உப்புக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலத்தில் உப்பைக் குறைக்கச் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். இது பலிக்கிறதா என்று பார்க்கத்தான் படிக்கணக்கு. சித்தியின் கணக்கு மாதாமாதம் இருபது, இருபத்திரண்டு என்றே நின்றது.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அம்மா, சித்தி, நான் மூன்று பேர்தான். சிப்பாய்கள் வரிசை வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பார்கள் என்ற பயத்தில் அம்மா சித்தியின் தலைமுடியைக் கத்தரித்து, அப்பாவின் சட்டையைப் போட்டுவிட்டு, முகத்தில் கரியைத் தடவி வைத்திருந்தாள். கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருப்பது அடிவயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் என்று அக்கம்பக்கத்தில் அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. எங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை அகப்பட்டார். அப்பாவுக்கு அத்தை மகன், கிள்ளான் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகையில் வேலை. நல்ல மனிதர். வந்தால் எனக்குக் கரும்பு கொண்டுவருவார்.

அம்மா டாக்டரிடம் கேட்கப் போனாள். அவர் வெகுநேரம் நோட்டைப் புரட்டிவிட்டு, நாற்பது படியாவது நிற்காமல் ஏறினால் யோசிக்கலாம், இப்போது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஏன் என்றும் அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருப்பார் போல. அம்மா முகம் செத்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாற்பது வந்தால் கல்யாணம்.

அடுத்த மாதம் இருபத்திரண்டாம் படியில் சித்தி வழக்கம்போல நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். உதடு நீலம் பூத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏய் குட்டி, கூடக் கொஞ்சம் சேத்துச் சொல்லேன்டி."

"நாற்பதுன்னு சொல்லவா?"

"அடியே, ஒரேயடியா சொன்னா மாட்டிக்குவோம்லா!"

அவள் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது. நான் கணக்கில் கெட்டிக்காரி. அந்த மாதம் இருபத்தேழு என்றேன். அடுத்த மாதம் முப்பத்துமூன்று. அதற்கடுத்த மாதம், முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, நாற்பது. ஒவ்வொரு தடவையும் சித்தி இருபத்திரண்டிலோ அதற்கு முன்போ நிற்பாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, கீழே ரயில்கள் போவதை வேடிக்கை பார்த்துவிட்டு, முகம் தெளிந்ததும் இறங்குவோம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அந்த மூன்று மாதமும் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. குழாய் வைத்துக் கேட்டார், மறுபடி கேட்டார். "சத்தம் அப்பிடியேதான் இருக்கு. ஆனா படி கூடியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உப்புக் குறைப்பும் மத்தியானப் படுக்கையும் பலிக்கிறது என்று நோட்டில் விறுவிறுவென்று எழுதினார். வெளியில் காத்திருந்த மற்றவர்களிடம் சித்தியைக் காட்டி, இந்தப் பிள்ளையைப் போல நீங்களும் கட்டுப்பாடாக இருங்கள் என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலே சித்திக்கு இளைக்கும். அம்மா அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் டாக்டரே எழுதிவிட்டார், இனி என்ன என்று சொல்லிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கல்யாணம் கோயிலில் மாலை மாற்றியதோடு முடிந்தது. பந்தியில் மரவள்ளிக்கிழங்குப் பாயசம். எனக்கு ஜன்னல் திரைத் துணியில் ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தார்கள். கரி துடைத்த முகத்தோடு சித்தி அத்தனை அழகாக இருந்தாள். இதெல்லாம் என்னால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே துக்கம்.

சித்தி கிள்ளானுக்குப் போய் சில மாதத்தில் உண்டானாள். ஏழாம் மாதத்தில் அம்மா அழைத்து வந்தபோது அவளால் படுக்கவே முடியவில்லை. தலையணை, பழைய துணி மூட்டை எல்லாவற்றையும் முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கால்கள் வீங்கி மினுமினுத்தன. ஒரு நாள் மத்தியானம் இருமல் வந்து நிற்கவேயில்லை. வாயில் நுரை ரத்தமாக வந்தது. டாக்டர் ஓடி வந்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

என் சித்தியை நான்தான் கொன்றேன் என்று எனக்கு அப்போதே தோன்றியதா? கொஞ்சம் தோன்றியது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம்தான் அதிகம்.

பதினாறாம் நாள் கழிந்து டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த நோட்டு. அம்மா போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டுத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"உன்னை ஏச வரேல்லைப் பிள்ளை. பயப்பிடாத. சித்தி நிக்காமல் எத்தினை படி ஏறினவ? உண்மையைச் சொல்லு. இனி ஆரும் உன்னை ஒண்டும் செய்யமாட்டினம்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"செந்தூல்ல ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசுகினம். அதுக்கும் இதே நெஞ்சு வருத்தம்தான். அது நாப்பது படி ஏறுது. நாப்பது போதுமோ போதாதோ, நான் என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அழுவதற்கு முன்பு கோணுவதுபோல் கோணியது. "நாற்பதுதானேடி? அப்பவே சொன்னியே, நாற்பதுன்னு?" என்றாள். அதை அவள் கேட்கவில்லை, கெஞ்சினாள். இருபத்திரண்டு என்று நான் சொல்லியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள்.

"நாற்பது" என்றேன்.

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, ஏற்கெனவே எழுதியிருந்த எண்ணின் பக்கத்தில் ஒரு சரி போட்டார். என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் அழுதேன்.

சண்டை முடிந்து சில வருடங்களில், எங்கோ வெளிநாட்டில் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை விரலால் விரித்துவிடும் வழி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பிற்பாடு இதே கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு அதைச் செய்தார்கள். அவள் இரண்டு பிள்ளை பெற்று, இன்றைக்கும் மாடிப்படியில் என்னைவிட வேகமாக ஏறுகிறாள். அவளைப் பார்க்கும்போது சித்தியை நினைத்து அழுதிருக்கிறேன். சித்திக்காக அழுவது ஒருவகையில் எனக்குச் சுலபம். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன், இரண்டு பேருக்கும் விவரம் தெரியாது.

ஆனால் அன்று அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர் செத்துப்போனவளைப் பற்றிக் கேட்டார் என்றுதான் நான் நினைத்தேன். குற்றவாளியைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து மறைத்தேன். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்காக வந்து கேட்கிறார் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. செந்தூலில் அந்தக் கல்யாணம் நடந்ததா என்று நான் அப்போது விசாரிக்கவில்லை. பிறகு விசாரிக்கத் தைரியம் வரவில்லை.