முன்னறையில் அத்தை இருந்த மாதங்கள்

அத்தை சோற்றுக் கிண்ணத்தைப் பாதியில் கீழே வைத்தார். "ஏட்டி சுகிர்தா, மிச்சத்த நீ ஊட்டு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். மயிலாப்பூரில் அப்போது தண்ணீர்க் கஷ்டம். ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வீணாக்காதவர் குழாயை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே நின்றார். அந்தச் சத்தத்துக்கு அடியில் அவர் இருமுவது கேட்டது.

அதுதான் முதல் அறிகுறி. நான் மிச்சச் சோற்றை என் மகள் நிம்மிக்கு ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

காசநோயும் கைக்குழந்தையும் ஒரே வீட்டுக்குள் இருக்க நேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. நடந்ததை மட்டும் சொல்ல முடியும்.

அத்தை என் கணவரின் தாயார். பெயர் அன்னபாக்கியம். தெருவில் எல்லோருக்கும் நர்சம்மா. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, இளவயதில் கணவனை இழந்து, மூன்று ஆண்பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு நர்ஸ் பயிற்சிக்குச் சென்னைக்கு ரயில் ஏறியவர். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டு, குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு எல்லாவற்றிலும் வேலை பார்த்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றார்.

எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் அத்தையிடம்தான் போவோம். புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்து, டாக்டர் வேண்டுமா, கஷாயம் போதுமா என்று அவர் சொல்வார். எங்கள் எல்லோரையும் தொட்டுப் பார்த்த அவரை, நாங்கள் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அப்படி ஒரு வழக்கமே அந்த வீட்டில் இல்லை.

நான் பி.ஏ. படித்தவள். ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டப் பயம். வழுக்கிவிடும், மூக்கில் தண்ணீர் போய்விடும் என்று தள்ளியே நிற்பேன். நிம்மியைக் குளிப்பாட்டியது, தூங்கவைத்தது, ஒவ்வொரு கவளத்தையும் ஊதி ஆற்றி ஊட்டியது எல்லாம் அத்தைதான். ஒன்றரை வயதுவரை அவள் அத்தையின் பக்கத்தில்தான் படுத்தாள்.

இருமல் மழைக்காலம் முழுவதும் இருந்தது. "பனி ஆகல" என்றார். ரவிக்கை தோளில் நழுவ ஆரம்பித்தது. கடைசியில் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கீற்று வந்தபோது அவரே புடவை மாற்றிக்கொண்டு வந்து, "ரிக்‌ஷா கூப்பிடு" என்றார்.

டாக்டர் ஒருகாலத்தில் அத்தையின் வார்டில் பயிற்சி மருத்துவராக இருந்தவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எத்தனை நாளா இருமல், சிஸ்டர்?"

"மழைக்கு முன்னாடியே இருக்கு."

"நீங்களா வராம இருந்தீங்க?"

"வார்டுல இத்தன வருஷம் பிடிக்காதது, வீட்டுல உக்காந்திருக்கப்பவா பிடிக்கப்போகுதுன்னு இருந்துட்டேன் டாக்டர்."

காசநோய் வார்டில் வேலை பார்த்து நல்லபடியாக வெளியே வந்த நர்ஸ்கள் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டாம். வார்டில் இருந்தபோதே கிருமி உள்ளே போய், நுரையீரலில் உறங்கிக் கிடந்து, வயதாகி உடம்பு தளர்ந்ததும் எழுந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சளிப் பரிசோதனையிலும் (சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டுக் கிருமியைத் தேடுவது) கிருமி இருந்தது.

அத்தை தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுல ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கு, டாக்டர்" என்றார். "நான் வாயால ஊதித்தான் அவளுக்குச் சோறு ஊட்டுனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நிம்மியின் முன்கையில் தோல் சோதனை (கிருமிச் சத்தைச் சிறிதளவு தோலுக்குள் செலுத்தி, வீக்கம் வருகிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். வீங்கியது. பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் அப்படி வீங்கலாம், உள்ளே போன கிருமியாலும் வீங்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். நெஞ்சுப் படம் இப்போதைக்குச் சுத்தம். முன்னெச்சரிக்கையாக ஐசோநியசிட் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மாத்திரை) கொடுக்கச் சொன்னார்கள். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். இப்போதைக்கு என்ற சொல்லையே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையை சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்றார் டாக்டர். நிம்மியை அடையாற்றில் என் அம்மா வீட்டில் விடலாம் என்று கணவர் சொன்னார். அங்கே என் அண்ணி மாசமாக இருந்தாள். "இவளுக்கும் அது இருந்துட்டா என்ன பண்றது?" என்று அம்மா தயங்கினாள். நான் கட்டிய பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். அம்மா சொன்னது சரியா தப்பா என்று யோசித்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது.

அத்தை தெருவைப் பார்த்த முன்னறைக்கு மாறினார். வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டார். தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனி. சளிக் கிண்ணத்தில் பினாயில். மல் துணியை நான்காக மடித்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். நான் பாத்திரங்களைக் கொதிக்க வைத்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

நிம்மி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஆச்சி, தூக்கு" என்று அழுதாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதன்மேல் ஏறிவிட்டாள். அத்தை எவர்சில்வர் டம்ளரை ஜன்னல் கம்பியில் ஓங்கி அடித்து, "போ! அங்கிட்டுப் போ!" என்று கத்தினார். குழந்தைக்கு மூச்சே நின்றுவிட்டதுபோல் ஆனது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் தூங்கியபின் போய்க் கேட்டேன். "நல்லவிதமா ரெண்டு வார்த்தை பேசி அனுப்பக் கூடாதா, அத்தை?"

"நல்லவிதமா பேசுனா நாளைக்கும் வருவா. வராம இருக்கணும்னா என்னைப் பிடிக்காம போகணும். வார்டுல தாய்மாருக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"எங்க கேட்டாளுக? ஜன்னல் வழியா முத்தம் குடுத்துட்டு நின்னு அழுவாளுக. நான் போய்த் திட்டுவேன்." துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "இப்ப என்னை நானே திட்டிக்கிடணும்."

அதன் பிறகு நிம்மி அந்தப் பக்கம் வந்தாலே டம்ளரைத் தட்டினார். சில வாரங்களில் அவள் வருவதை நிறுத்தினாள். நான் நிம்மதி அடைந்தேன். அது நிம்மதிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையின் பிள்ளைகள் அத்தையின் கையில் பிறந்தவர்கள். அவள் ஒருநாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, மூஞ்சில துணிய கட்டிக்கினு கீற? எங்கனா கொள்ளையடிக்கப் போறியா?"

"உன் கூடையிலதான் கை வைக்கப்போறேன். தள்ளி நில்லு."

"எம்புள்ளைய இஸ்து வெளிய போட்டியே, அப்ப நீ தள்ளியா நின்ன?"

"அஞ்சலை, எனக்கு டி.பி."

அவள் கூடையை ஓரடி பின்னால் நகர்த்தி வைத்தாள். பிறகு, "வஞ்சிரம் வாங்கிக்க. ஒடம்புல கொஞ்சம் கறி புடிக்கும்" என்றாள். தொடர்ந்து வந்தாள். ஆனால் படியில் உட்காரவில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தினமும். அதோடு மாத்திரைகள். ஊசி ஆரம்பித்துச் சில வாரங்களில் அத்தை சுவரைப் பிடித்து நடந்தார். காதில் வண்டு ரீங்கரிப்பதுபோல் இருக்கிறது என்றார். இந்த ஊசி காது நரம்பைத் தாக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியும். அவரே டாக்டரிடம் சொல்லி நிறுத்தவைத்தார். தலைசுற்றல் குறைந்தது. போன காது திரும்பவில்லை. ஒரு பக்கம் முழுவதும் கேட்காமல் போயிற்று, மறுபக்கம் பாதி. இதை மட்டும் வாசிப்பவர்களுக்குச் சொல்லவேண்டும்: ஊசி போடும் காலத்தில் காது இரைந்தால், நடை தடுமாறினால், உடனே சொல்லிவிடுங்கள்.

மாத்திரைகளை ஒரு வருடத்துக்கும் மேல் சாப்பிட்டார். சளியில் கிருமி இல்லை என்று தொடர்ந்து வந்தது. குழந்தை இனிப் பயமில்லாமல் பக்கத்தில் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

கணவர் நாற்காலியை எடுத்தார். அத்தை துணியை அவிழ்த்தார். நிம்மி அந்த வாயைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து பார்த்ததெல்லாம் இரண்டு கண்களும் ஒரு வெள்ளைத் துணியும்தான். என் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "இது யாரு?" என்றாள்.

"ஆச்சிம்மா" என்றேன்.

"வேணாம்."

அத்தை சிரித்தார். "நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார். கூப்பிடவில்லை. கையையும் நீட்டவில்லை.

நிம்மி பிறகு அவரோடு பழகினாள், பக்கத்து வீட்டு அம்மாளோடு பழகுவதைப்போல. மறுபடி ஒருநாளும் அவர் அருகில் படுக்கவில்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின், அத்தைக்குக் காது கேட்காததால் எதைச் சொல்வதென்றாலும் அவர் காதில் வாயை வைத்துக் கத்தவேண்டியிருந்தது. அப்படித்தான் அவள் கிட்டே போனாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. அத்தை காதைக் கொடுப்பார். பதில் சொல்லும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

நோய் தீர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன என்று பலமுறை சொன்னேன். "தெரியும்ட்டி" என்பார்.

ஒருநாள் மாலை நிம்மி என்னிடம் கேட்டாள். "ஆச்சி ஏம்மா சுவத்துகிட்ட பேசுறாங்க?"

"அது பழக்கம்."

"மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க."

நேரே போய் அத்தையின் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மூக்கும் மூக்கும் தொடுகிற தூரம். "இப்பச் சொல்லுங்க ஆச்சி!" என்று கத்தினாள். அத்தை வாயை இறுக்க மூடிக்கொண்டார். மார்பு அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவள் கையை எடுக்கும்வரை அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அத்தை இறந்தார். நுரையீரலால் அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்த நிலையில் இதயம் நின்றது. நான் புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். அவரை நான் அப்படித் தொட்டது அதுவே முதல்முறை.

நிம்மிக்கு நோய் வரவில்லை. பள்ளியில் சேர்க்கும்முன் எடுத்த நெஞ்சுப் படத்திலும் ஒன்றுமில்லை.

காலையில் அவளுக்குத் தலைபின்னும்போது என் மூச்சு அவள் பிடரியில் படுகிறது. அது தெரிந்ததும் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு நோய் இல்லை என்று தெரியும். பரிசோதித்தாகிவிட்டது. ஆனாலும் பிடித்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரிவதில்லை. பின்னல் கையில் அப்படியே நிற்கிறது. அவள்தான் திரும்பாமல் கேட்கிறாள், "அம்மா, முடிஞ்சுதா?"