காயாத புல்வெளி

எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் பெருமைகளோடு நான் ஓராண்டாக மறைத்த ஒரு தவறையும் எழுதப்போகிறேன். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அக்கா திருமுல்லைவாயிலில், நெல்லும் மாடுமாக இருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்துவைத்தார். திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை எங்களோடே இருந்தார். தமக்கென்று எதுவும் கேட்காதவர், ஓய்வு பெற்றதும் மாங்காட்டில் எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பில் சேர்ந்தார்.

"இந்த வயசுல இன்னாத்துக்குக்கா இதெல்லாம்?" என்று கேலி செய்தேன்.

"உன்னையா கேட்டேன்? போடி, உன் வேலையப் பாத்துகினு."

ஏரிக்கரைப் புல்வெளியில் எருமைகள் மேயும் காட்சியை வரைய எடுத்துக்கொண்டார். வானம் சுலபமாக வந்துவிட்டது. புல்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. பச்சையில் துளி சிவப்பு கலக்கச் சொன்ன ஆசிரியையிடம், "செவப்பு போட்டா கீரைக் கடைசல் மாதிரி ஆவுது மிஸ்" என்று வாதாடினாராம். அந்தப் பெண்ணுக்கு அக்காவின் வயதில் பாதிகூட இருக்காது.

இதற்கிடையில் அக்காவின் இதய வால்வு பழுதென்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிழைப்பது உறுதியில்லை என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். மூச்சு வாங்க வாங்க அக்கா வரைந்துகொண்டே இருந்தார். படுக்கச் சொல்லிக் கத்தினேன்.

"திரும்பி வந்தா நானே இத்த சொவத்துல மாட்டுவேன். வரலன்னா நீ மாட்டு. பாதியில வுட்டுட்டுப் போனா எவ மாட்டுவா?" என்றார்.

எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சு காயவே நாள் கணக்காகும். எனக்கோ பதைப்பு. அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் போன ஒரு நாள், மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தின் பக்கத்திலேயே ஓவியத்தையும் வைத்தேன். உச்சி வெயில். வடகம் காயும்போது வண்ணம் காயாதா என்ற என் புத்தியை என்ன சொல்வது! மாலையில் பார்த்தால் மேலே இறுகி, அடியில் ஈரம் நின்று, புல்வெளி முழுவதும் பாலாடைபோலச் சுருங்கிக் கிடந்தது. பயத்தில் அதை எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "நான்தான் எண்ணெய அதிகமா வுட்டுட்டேன் போல கீதுடி. எனக்கு இது வராது" என்றார். அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கத்தியால் புல்லை எல்லாம் சுரண்டி எடுத்தார். மீதமிருந்தது ஆறு நாள். மருத்துவமனைக்குப் போக வாசலில் வண்டி வந்து நின்றபோதும் தூரிகை கையில்தான் இருந்தது. "ஆச்சுடி. யாரும் கை வெக்காம பாத்துக்கோ, ஈரமா கீது" என்று சொல்லிவிட்டு ஏறினார். அறுவை சிகிச்சை மேசையிலேயே போய்விட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சுவரோரம் ஓவியத்தை ஒட்டி நின்றவர்களைப் பார்த்து, "அத்தத் தொடாதீங்க, இன்னும் காயல" என்று நான் அலறியது பலருக்கு வருத்தம் தந்திருக்கும். மன்னிக்க வேண்டும். பாடை சுமந்த பங்காளி வீட்டுத் தம்பிமார்களுக்கும், காரியம் வரை எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஓவியம் காய்ந்ததா என்று தினமும் வந்து பார்த்த ஆசிரியைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறாம் நாள் அது விரலில் ஒட்டவில்லை. கூடத்தில் மாட்டினேன்.

அதன் எதிரே நின்றும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன். அக்கா, நீ எண்ணெய் அதிகமாக விடவில்லை. வெயிலில் வைத்தது நான்தான்.