அப்பாவின் கடிகாரத்துக்கு ஒரு வார்

செவ்வந்திக்கு வேண்டியிருந்தது மேல்கையில் கட்டக்கூடிய ஒரு வார். குத்தாலம் கடைத்தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்த மீரா சாகிப்பிடம் இதைச் சொன்னபோது, அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“வாட்ச்சுன்னா மணிக்கட்டுலதானேம்மா கட்டுவாங்க?”

“நடவு நடுறவளுக்கு மணிக்கட்டு சேத்துக்குள்ளல்ல கெடக்கும், பாய்.”

எல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கழுத்தில் மாட்டினால் குனியும்போது தண்ணீரில் தொங்கும். மடியில் செருகினால் ஒவ்வொரு தடவையும் சேற்றுக் கையைக் கழுவித் துடைத்து எடுக்க வேண்டும். அதற்குள் பண்ணைக் காரியக்காரர் சாமிதுரை நாலு தலைமுறையை இழுத்து வைதுவிடுவார். முழங்கைக்கு மேலே கட்டினால்தான் நட்டுக்கொண்டே தலையைத் திருப்பி மணி பார்க்க முடியும்.

அவள் எடுத்து வைத்த கடிகாரத்தில் பழைய தோல்வார் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் அரிவாள் வெட்டில் போய்விட்டது. மிச்சமிருந்த தோலில் கறுத்த கறை. அது என்னவென்று சாகிப் கேட்கவில்லை. வைரக்கண்ணு செத்த விதம் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

வைரக்கண்ணு அவளுடைய அப்பா. பினாங்கு ரப்பர் தோட்டத்துக்குப் போன அவருடைய அண்ணன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்த கடிகாரம் அது. பல வருஷம் சும்மா அழகுக்குக் கிடந்தது. வைரக்கண்ணு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் அதற்கு வேலை வந்தது. அதுவரை பொழுது எப்போது சாய்கிறது என்பதை மிராசுதார் வீட்டில்தான் முடிவு செய்வார்கள். வெயில் நாளிலாவது நிழலைக் காட்டி வாயாடலாம். மேகம் மூடிய ஐப்பசியில் பண்ணை வயலில் மட்டும் பொழுது சாயவே சாயாது. சங்கம் கேட்டது, பண்ணை மறுத்தது, வேலை நின்றது, கடைசியில் அதிகாரிகள் முன்னால் பேசி முடித்தார்கள். ஐந்து மணி ஆனால் வேலையை நிறுத்திவிட்டுக் கரையேறலாம். அன்றிலிருந்து, நாற்றுமுடி சுமந்துகொண்டிருக்கும் வைரக்கண்ணு மாலையில் வரப்பில் நின்று “மணி ஆச்சு” என்று குரல் கொடுப்பார். பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள்.

இதெல்லாம் சென்னையில் ஆட்சி மாறிய புதிதில் நடந்தது. ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். மிராசுதாரும் சும்மா இருக்கவில்லை, தோள் துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். வெளியூர் அடியாட்களை இறக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. போன தை அறுப்பின்போது, கருக்கலில் வீடு திரும்பிய வைரக்கண்ணுவை வாய்க்கால் மதகில் மறித்தார்கள். தடுக்கத் தூக்கிய இடது கையில்தான் முதல் வெட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு கடிகாரம் கட்ட ஆண்கள் யாரும் முன்வரவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பண்ணையில் பழையபடி இருட்டிய பிறகுதான் ஆட்களைக் கரையேற விட்டார்கள். வைரக்கண்ணுவின் மனைவி ராமாயி அந்தக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். மகள் அதைத் தோண்டி எடுத்தபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு உசுரத் தின்னுட்டு இன்னும் பசி அடங்கலையாடி அதுக்கு? உள்ள வையி.”

“கடிகாரமாம்மா தின்னுச்சு? தின்னவன் பேரச் சொல்லு.”

ராமாயி பேரைச் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவும் இல்லை.

சாகிப் இருக்கிற வார்களையெல்லாம் கண்ணாடிப் பெட்டி மேல் பரப்பினார். பெண்கள் கட்டும் மெல்லிசு வார் அவள் மேல்கையில் பாதிகூடச் சுற்றவில்லை. ஆண்களின் தோல்வாரும் எட்டவில்லை.

“ரெண்டு தோல்வார ஒண்ணாத் தச்சு, நல்லா இறுக்குற மாதிரி கொக்கி வச்சுத் தாரேன். வெள்ளிக்கெழம கழிச்சு வாம்மா.”

“நாளைக்கு நடவு, பாய். அந்தா தொங்குதே, அது என்ன?”

இழுத்தால் நீளும் எவர்சில்வர் சங்கிலி அது. சாகிப் அதைக் கடிகாரத்தில் கோத்துக் கொடுக்க, கையில் நுழைத்து ஏற்றினாள். முழங்கையைத் தாண்டிப் போய் மேல்கையைக் கவ்விக்கொண்டது.

“இதுக்குக் கொக்கி கெடையாதும்மா. தண்ணி பட்டா வழுக்கும். தோலுன்னா ஊறுமே தவிர விடாது. நான் சொல்றதக் கேளு.”

அவர் சொல்வது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. ஆனால் கறை பிடித்த அந்தத் துண்டைப் பார்த்த பிறகு இன்னொரு தோலை எடுத்துக் கையில் கட்ட மனம் ஒப்பவில்லை. இரும்பை அரிவாள் வெட்டாது என்றும் ஒரு நினைப்பு. அசட்டு நினைப்புதான். வெட்ட வருகிறவன் வாரைப் பார்த்தா வெட்டுகிறான்? ஆனால் பயந்துபோன மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது. “சங்கிலியே இருக்கட்டும், பாய்” என்றாள். சாகிப் பழைய வாரைத் தூக்கி எறியாமல் காகிதத்தில் மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் வானம் மூடிக்கிடந்தது. ராமாயி மகளுக்குப் பக்கத்தில், முகம் கொடுத்துப் பேசாமல் நட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அண்டை வீட்டு அம்சம், அவளுக்கு அப்பால் மற்ற பெண்கள். வரப்பில் குடையோடு நின்ற சாமிதுரையின் கண்ணில் காலையிலேயே சங்கிலி பட்டுவிட்டது.

“என்னடி, அப்பன் குடுத்த சீதனமா? எத்தன நாளைக்குன்னு பாப்போம்.”

செவ்வந்தி நிமிராமல் அடுத்த நாற்றை ஊன்றினாள்.

பிற்பகலில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் கால் மணி நேரந்தான்” என்று மெதுவாகச் சொன்னாள். வாய்க்கு வாய் அது வரிசை முழுக்கப் போனது. வெகுநாளைக்குப் பிறகு யாரோ சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

கொஞ்சம் தள்ளிக் கிடந்த நாற்றுமுடியை எட்டி இழுத்தவள், கையை உதறினாள். நனைந்த சங்கிலி முழங்கையைத் தாண்டி வழுக்கியது. ஆண் கைக்குச் செய்த சங்கிலி; அவளுடைய ஒல்லி மணிக்கட்டில் அதை நிறுத்த எதுவும் இல்லை. கலங்கிய தண்ணீரில் விழுந்த இடம்கூடத் தெரியவில்லை.

பெண்கள் எல்லாரும் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். துழாவித் துழாவி நட்ட நாற்றெல்லாம் சாய்ந்தது. சாமிதுரை வரப்பிலிருந்து கத்தினார்.

“நட்டத மிதிக்காதீங்கடி! கெடிகாரம் போச்சுல்ல, மணியும் அதோட போச்சு. பொழுது சாயிற வரைக்கும் நடுங்க.”

எல்லாரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள். அப்பா உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஐந்து மணியைத் தன் கையாலேயே சேற்றில் போட்டுவிட்டோமே என்றிருந்தது அவளுக்கு. அந்தத் தோல்வாரை வாங்கித் தொலைத்திருக்கலாம்.

அப்போது ராமாயி நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்றை அப்படியே தண்ணீரில் வைத்துவிட்டு, நடந்து போய் வரப்பில் ஏறினாள்.

“எங்கடி போற?”

“மணி அஞ்சாயிருச்சுங்கய்யா.”

“எவ சொன்னா? கெடிகாரம் எங்க?”

ராமாயி வயலைக் கையால் காட்டினாள். “ஒங்க வயலுக்குள்ளதாங்க ஓடிக்கிட்டு இருக்கு. சந்தேகமா இருந்தா எறங்கிப் பாத்துக்குங்க.”

அடுத்து அம்சம் ஏறினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும் ஏறினார்கள். சாமிதுரை குடையை மடக்கிக்கொண்டு விறுவிறுவென்று பண்ணை வீட்டைப் பார்த்து நடந்தார். வைதிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

செவ்வந்தி மட்டும் வயலிலேயே நின்றாள். காலையில்தான் அந்தக் கடிகாரத்துக்கு முழுசாகச் சாவி கொடுத்திருந்தாள். தண்ணீர் உள்ளே போயிருக்குமோ, இன்னும் ஓடுகிறதோ, தெரியவில்லை. அம்மா வரப்பிலிருந்து குனிந்து கையை நீட்டினாள்.

“ஏறி வாடி. மதகு வழி வேணாம். எல்லாரும் ஒண்ணாச் சுத்திப் போயிருவோம்.”