தேடியும் கிடைக்காத கடை

தெருவில் அவளுக்கு ‘வெப்சைட் அக்கா’ என்று பெயர். பதினோரு வருடம் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்தவள். அச்சகத்தை மூடியதும், அங்கே பொறுக்கிக்கொண்ட அரைகுறைக் கணினி ஞானத்தோடு சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை, பல் மருத்துவர், வீடு மாற்றும் வண்டிக்காரர் என்று பதினான்கு பேருடைய இணையதளங்கள் இப்போது அவள் பொறுப்பில். தேடினால் முதல் பக்கத்தில் வரவேண்டும், தொட்டால் சட்டென்று திறக்கவேண்டும், கொடுக்கிற காசுக்குப் பிரயோசனம் இருக்கவேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

அவர்களில் ஒருவர் சிலிண்டர்க்காரர். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரும் மெஷினும் வாடகைக்குத் தருபவர். ஆள் கதவு மாதிரி இருப்பார், குரல் மட்டும் கோழிக்குஞ்சு. அவருடைய தளம் இருந்த சர்வர் அரதப்பழசு. பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். கட்டணமோ வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது.

“அண்ணா, இடத்தை மாத்திடலாம். இதைவிடக் கம்மி வாடகைக்கு நல்ல வேகமா கிடைக்குது” என்றாள்.

“எனக்கென்னம்மா தெரியும்? நீ பார்த்துச் செய்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினாள். புது இடத்தில் தளத்தின் நகலை வைத்துச் சோதித்துப் பார்த்து முடிக்கும்வரை அது தேடலில் தலைகாட்டக் கூடாது. அதற்கென்று அமைப்புகளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால், தேடுபொறிகள் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று அர்த்தம். டிக் போட்டாள். படங்கள், படிவம், ‘அழைக்க’ என்கிற பொத்தான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு முகவரியைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டாள். தளம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. சிலிண்டர்க்காரர் ஃபோனில், “அடேங்கப்பா, பறக்குதும்மா!” என்று கீச்சிட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

“ஏம்மா, ஃபோன் ரிப்பேரோன்னு நானே எனக்கு அடிச்சுப் பார்த்தேன். ரிங் போகுது. ஆனா நாலஞ்சு நாளா புது ஆளுங்க ஒருத்தர்கூடக் கூப்பிடல. ஊர்ல எல்லாருக்கும் உடம்பு தேறிடுச்சா என்ன?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டேதான் தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. கடையின் பெயரையே முழுசாகப் போட்டுத் தேடினாள். அப்போதும் இல்லை. சிரிப்பு எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது. “பார்த்துட்டுச் சொல்றேண்ணா” என்று ஃபோனை வைத்துவிட்டு அமைப்புகளைத் திறந்தாள்.

கட்டத்தில் டிக் அப்படியே இருந்தது.

 உடனே டிக்கை எடுத்தாள். தேடுபொறிக்கு மறுபடி வந்து பார்க்கச்சொல்லி விண்ணப்பம் போட்டாள். பழையபடி வர நாலு நாளாகலாம், நாலு வாரமும் ஆகலாம்.

வியாபாரம் போனதைப் பற்றி அவள் யோசிக்கவேயில்லை. மூக்குக்கண்ணாடி தேடுகிறவன் இன்று கிடைக்காவிட்டால் நாளை தேடுவான். ஆக்ஸிஜனை யாரும் பொழுதுபோகாமல் தேடுவதில்லை. பக்கத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதுதான் தேடுகிறார்கள். இந்தப் பன்னிரண்டு நாளில் எத்தனை பேர் தேடினார்கள்? தேடிக் கிடைக்காமல் என்ன செய்தார்கள்?

பஸ் டிரைவரான அவள் கணவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?”

சொன்னாள்.

“அட, யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். “தேடுபொறிக்காரங்க ஏதோ மாத்திட்டாங்கன்னு சொன்னா சிலிண்டர் அண்ணன் நம்பிடுவாரு இல்ல?” என்று அவளே மெல்லக் கேட்டாள். “இந்தத் தொழில்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

“நம்புவாரு. வண்டிக்கு அடியில என்னமோ தட்டின மாதிரி சத்தம் கேட்டா நான் இறங்கிப் பார்த்துடுவேன். பார்க்காமப் போனா அன்னிக்கு முழுக்க ஸ்டியரிங்ல கை நிக்காது எனக்கு. நீ எப்படியோ, உன் இஷ்டம்.”

அவள் தட்டில் கையே வைக்கவில்லை. எழுந்து சிலிண்டர்க்காரர் கடைக்குப் போனாள்.

கடைக்குள் நுழையும்போதே சத்தம். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், பள்ளி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆசிரியை போல.

“போன வருஷம் எங்கப்பாவுக்கு உங்ககிட்டதான் சிலிண்டர் எடுத்தோம். செவ்வாய்க்கிழமை அவருக்கு மூச்சு முட்டினப்ப உங்க கடைப் பேரைப் போட்டுத் தேடுறேன், தேடுறேன், எதுவும் வரல. மேப்ல இருந்த நம்பருக்கு அடிச்சா உபயோகத்துல இல்லைங்குது. ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். இன்னும் ஐ.சி.யூ.ல கண்ணைத் தெறக்காமக் கெடக்கார். கடை இருக்கா, மூடிட்டுப் போயிட்டீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்!”

சிலிண்டர்க்காரர் விழித்தார். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

“இதோ, இவங்கதான் பார்த்துக்கறாங்க. நீயே சொல்லும்மா, வெப்சைட் நல்லாத்தானே இருக்கு?”

 திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் கால்கள் கேட்டன.

“இல்லைண்ணா” என்றாள். “நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.” டிக்கைப் பற்றி முழுசாகச் சொன்னாள். 

ஆசிரியை மேசையிலிருந்து கையை எடுத்தாள். “ஒரு டிக்கா?”

“ஆமா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிலிண்டர்க்காரர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். “மேப்ல பழைய கடை நம்பர் இருக்கு, மாத்தணும்னு நீ மூணு தடவை சொன்னே. நான்தான் அப்புறம் அப்புறம்னு தள்ளிப்போட்டேன்” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று புரிந்தது. அது அவளுக்குள் இறங்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து மேப்பில் எண்ணை மாற்றினாள். பிறகு அவர் மேசையிலிருந்த ஃபோனை இழுத்துவைத்துக்கொண்டு, ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜ் பார்ப்பவர்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்சுகள், மருந்துக் கடைகள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “ஆக்ஸிஜன் வேணும்னு யாராவது கேட்டா இந்த நம்பரைக் குடுங்க” என்றாள். மாலைக்குள் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து மற்ற பதின்மூன்று தளங்களையும் திறந்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்குமுன் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் காலியாக இருந்தன.

அடுத்த மூன்று நாளும் தேடலில் கடை வரவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஐ.சி.யூ. வாசலில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில், விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள் ஆசிரியை.

“எதுக்கு வந்தீங்க?”

“எப்படி இருக்கார்னு தெரிஞ்சுக்கணும்.”

பேனாவை மூடினாள். “நேத்து கண்ணு தெறந்தார். என்னை அடையாளம் தெரியுது. இடது கை மட்டும் அசையல.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்த நாப்பது நிமிஷத்தாலதானான்னு டாக்டரைக் கேட்டேன். ஆமான்னும் சொல்லமுடியாதாம், இல்லைன்னும் சொல்லமுடியாதாம். நானே பதில் தெரியாமத்தான் உட்கார்ந்திருக்கேன். நீங்களும் அப்படியே இருங்க.”

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். 

ஒன்பதாம் நாள் கடை முதல் பக்கத்துக்குத் திரும்பியது. சிலிண்டர்க்காரரின் ஃபோன் பழையபடி ஓயாமல் அடித்தது. ஆசிரியையின் அப்பா வீடு திரும்பியபோது மெஷின் இந்தக் கடையிலிருந்துதான் போயிற்று. ஆசிரியை அதை மேப்பில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுத்தான் கேட்டாளாம். பெரியவரின் இடது கையில் இப்போது விரல்கள் லேசாக மடங்குகின்றன என்று மெஷின் மாட்டிவிட்டு வந்தவர் சொன்னார்.

அவள் வேலையை விடவில்லை. ஆனால் எந்தத் தளத்தை இடம் மாற்றினாலும் கணவனுக்கு விடுமுறையான நாளில்தான் மாற்றுகிறாள். செய்யவேண்டியதைத் தாளில் எழுதி அவன் கையில் கொடுக்கிறாள். அவன் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்க, அவள் பார்த்து “ஆச்சு” என்று சொன்ன பிறகுதான் அடுத்த வரி. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பதினான்கு பெயர்களையும் தட்டித் தேடிப்பார்க்கிறாள். சிலிண்டர்க்காரரின் பெயரை மட்டும் இரண்டு தடவை தேடுகிறாள்.